விட்டுக் கொடுத்த கதிரை

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "தம்பி எழுதிட்டுப் போகட்டும்னு நான்தான் விட்டுக் குடுத்தேன்" என்று அதற்கும் ஒரு கதை கட்டுவார். ஆள் செத்து வருசக் கணக்காகிவிட்டது, இனி எங்கே வந்து கட்டப் போகிறார் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அந்த மனுசனைத் தெரியாது.

'அவர்' என்று நான் எழுதுவதும் வயசுக்குக் கொடுக்கிற மரியாதை மட்டும்தான். என்னைவிட எட்டு வயசு மூப்பு. மற்றபடி மனசுக்குள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்பதை அச்சில் போட முடியாது.

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி அளக்கிற வேலை அவருக்கு. பாண் ரொட்டிக்கு விடிய முன்னமே வரிசையில் நின்ற காலம் அது. கடைக்குச் சீத்தைத் துணி வந்தது என்று காதில் விழுந்தால் போதும், வாசலில் அடிதடிதான். இவர் மட்டும் அவசரமே இல்லாமல் துணியை அளவுக் கோலில் பிடித்து, நகத்தால் ஒரு கீறு கீறி, கத்திரியால் ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று கிழித்து, மடித்து, புறங்கையால் வாங்க வந்தவர் பக்கம் தள்ளுவார். கையை மேசையில் வைத்தபடியே, ரெண்டு விரலை மட்டும் விசிறி ஒரு தள்ளு. ராசா தானம் கொடுக்கிற தோரணை. ஆனால் அரை அங்குலம் கூட விட மாட்டார். என் அம்மா ஒருநாள் ரவிக்கைத் துணிக்குப் போய், "தண்ணியில போட்டா சுருங்கும் தம்பி, ஒரு வெரக்கடை கூட விடுங்களேன்" என்று கெஞ்சினார். "கோல் சொல்றதுதான் அக்கா கணக்கு" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். கடையில் ஒரு விரற்கடை விட்டுக் கொடுக்காத இந்த மனுசன், ரோட்டில் ஊரில் உள்ளவனுக்கெல்லாம் ரேஸை விட்டுக் கொடுத்தாராம். இந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஆளைப் பார்த்தால் சைக்கிள்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொக்குக் கால். தலையில் வழிய வழிய எண்ணெய். பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பாரம் குறையட்டும் என்று அதில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. மட்காட் இல்லை, பெல் இல்லை, பின் கேரியர் இல்லை, கடைசியில் பிரேக்கும் இல்லை. "நிக்கிறதுக்கா தம்பி ரேஸுக்குப் போறோம்?" என்பார். நின்றே ஆக வேண்டுமென்றால் வெறுங்குதிகாலைப் பின் டயரில் வைத்து அழுத்துவார். கேரியரைக் கழற்றியதில் அவருக்கு இன்னொரு சௌகரியம், பெண்சாதியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த அக்கா பாவம், கூப்பன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டுக்கலை வீடு வரைக்கும் நடப்பார். இவர் பக்கத்திலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு, ரேஸ் கதை சொல்லிக்கொண்டே வருவார்.

எங்கள் ரேஸ் என்றதும் தார் ரோட்டையும் பளபள சட்டையையும் நினைத்துவிடாதீர்கள். சித்திரை வருசப் பிறப்பு வந்தால் கண்டியைச் சுற்றி ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி நடக்கும். கயிறு இழுப்பார்கள், கண்ணைக் கட்டி மண்முட்டி உடைப்பார்கள், வழுக்கு மரம் ஏறுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், காலை வெயில் ஏற முந்தி, சைக்கிள் ரேஸ். சிங்கள ஊர், தமிழ்த் தோட்டம் என்ற பேச்சே இல்லை, பேர் கொடுத்தவன் ஓடலாம். ஓடுகிறது கிரவல் ரோட்டில், அதுவும் இல்லாத இடத்தில் செம்மண் பாதையில்.

நான் மாநகர சபையில் தண்ணி மீட்டர் பார்க்கிறவன். கண்டியில் எந்த மீட்டரும் சமதரையில் இருக்காது, வேலையே மேடு ஏறுவதுதான். அந்தக் கால் பலத்தை நம்பித்தான் நானும் ரேஸுக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, மண் ரோடு வேறு சாதி. கிரவல் கல் உருளும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் தொலைந்தோம், அடி தோள்பட்டை வரைக்கும் ஏறும். லொறி போன தடத்துக்குள் சக்கரம் விழுந்தால் அது விடுகிற இடத்தில்தான் வெளியே வரலாம். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் மண்ணைக் கிண்டிக்கொண்டு அங்கேயே சுற்றும். உட்கார்ந்தேதான் மிதிக்க வேண்டும், தொடை எரியும், பல்லுக்கிடையில் மண் கரகரக்கும். இவ்வளவும் நான் விழுந்து விழுந்து படித்தது. பேப்பரில் பேர் வராது, வீட்டில் ஏச்சு வேறு. ஆனாலும் ரேஸ் என்றால் ரெண்டு நாளைக்கு முன்னமே தூக்கம் போய்விடும். பைத்தியம்தான், வேறென்ன?

அந்த மனுசனும் எல்லா ரேஸுக்கும் வருவார். ஒன்றிலும் ஜெயித்தது கிடையாது. ஆனால் தோற்றதும் கிடையாது, அதுதான் விசேசம். கடுகண்ணாவையில் ஒரு சிங்களப் பையனிடம் கடைசியில் கோட்டை விட்டுவிட்டு, "அவன் அம்மா கோட்டுக்குப் பக்கத்துல நின்னு கண்ணு கலங்குது தம்பி. மனசு கேக்கல, விட்டுக் குடுத்துட்டேன்" என்றார். சொல்லும்போது சைக்கிள் சீற்றில் கையை வைத்து, துணி தள்ளுகிற அதே தள்ளு. ஹேவாஹெட்டத் தோட்டத்து ரேஸில் ஒன்பதாவதாக வந்தார். தேயிலைக்கு நடுவே செங்குத்தான ரோடு, இவர் பாதி மேட்டில் இறங்கி உருட்டியதை நானே பார்த்தேன். கூட வந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"என்ன அண்ணே, எட்டுப் பேருக்குமா விட்டுக் குடுத்தீங்க?"

"ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா மத்தவன் மனசு நோகாதா தம்பி?"

வெட்கம் என்று ஒரு துளி முகத்தில் இருக்க வேண்டுமே, ம்ஹும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தோற்றேன் என்று சொல்ல ஆண்பிள்ளைக்குத் தைரியம் வேண்டும், அது இல்லாதவன்தான் இப்படி வள்ளல் வேசம் போடுவான் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசினேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

அது வரைக்கும் எனக்கு அவர் ஒரு வேடிக்கை. கலகெதர ரேஸோடு அது விசமாகிவிட்டது.

அந்த வருசம் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ஹேவாஹெட்டயில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கொஞ்சம் மிடுக்கான ஆள். மே மாசம் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது ரெண்டு பலகை பெஞ்சும் ஒரு காலொடிந்த ஸ்டூலும். இதை நான் வாய் சும்மா இருக்காமல் புடவைக் கடையில் இந்த மனுசனிடம் சொல்லியிருந்தேன். "மனுசன் வந்தா எதுல அண்ணே உக்கார வைக்கிறது?" என்று. சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தை என் ஆயுசையே தின்றது.

கலகெதரயில் முதல் பரிசு ஒரு தேக்குக் கதிரை. கை வைத்த நாற்காலி, பிரம்பு பின்னியது, ஊர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தது. கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் மேசைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் முடிவு கட்டிவிட்டேன், இன்றைக்குச் செத்தாலும் சரி என்று.

பதினெட்டு மைல். ஓடியவர்கள் முப்பது பேர் இருக்கும். முதல் ஆறு மைலிலேயே பாதிப் பேர் டியூப் வெடித்தோ செயின் அறுந்தோ ஓரமாகிவிட்டார்கள், டயர் கிடைக்காத காலம், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு ஓடியவர்கள். நான் உட்கார்ந்தபடியே மிதித்தேன். றப்பர் மரத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோது முன்னால் ஒரே ஒருவர்தான். எண்ணெய்த் தலை. என் கண்ணையே நம்ப முடியவில்லை, இந்தக் கொக்குக் கால் எப்படி முன்னால் போயிற்று?

புதுவருச ரேஸில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டோரத்து வீட்டுப் பெண்கள் வாளியும் சட்டியுமாக நின்று ஓடுகிறவர்கள் மேல் தண்ணி ஊற்றுவார்கள். பாவம் வெயிலில் வருகிறார்களே என்ற அன்பு. ஊற்றுகிற தண்ணி ஆள் மேல் பாதி, ரோட்டில் பாதி. செம்மண் ரோட்டுக்கு அது நெய் ஊற்றிய மாதிரி. கடைசி அரை மைலில் ஒரு இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு, வளைவில் ஒரு வீடு. அந்த வீட்டில் பீப்பாய் வைத்தே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் எனக்கு முன்னால் பத்து சைக்கிள் தூரம் இருப்பார். வளைவுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே அவர் குதி பின் டயருக்குப் போனதை நான் பார்த்தேன். புழுதி கிளம்பியது. சைக்கிள் ரெண்டு ஆட்டம் ஆடி இடது பக்கமாக ஒதுங்கியது. நான் வலது பக்கத்துப் புல்லில் ஏறி, ஒரு வாளித் தண்ணியை முகத்தில் வாங்கிக்கொண்டு, அவரைக் கடந்தேன். பிறகு கோடு வரைக்கும் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

வழுக்குகிற வளைவு வந்தால் எவனும் வேகத்தைக் குறைப்பான். பயந்துவிட்டார், அவ்வளவுதான். குதியை வைக்க முந்தி ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார் என்பதும் உண்மைதான். பின்னால் ஆள் வந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டான்?

அவருக்கு ரெண்டாம் பரிசு, ஒரு பெரிய அலுமினியச் சட்டி. கதிரையை என் கேரியரில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினேன். அவர் சட்டியைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூடவே வந்தார். அந்த நாள் மட்டும் எனக்கு அவர் மேல் பாசம்கூட வந்தது என்றால் பாருங்கள். வழியில் தேத்தண்ணிக் கடையில் இறங்கினோம். கடைக்காரர் கதிரையைப் பார்த்து, "யாருக்கு அடிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முந்தி அவர் சொன்னார்.

"தம்பிக்குத்தான். கல்யாணம் கட்டப் போற பிள்ளை, வீட்டுல ஒரு கதிரை இல்ல. அதான் விட்டுக் குடுத்தேன்."

மேசையில் கை, ரெண்டு விரல், ஒரு தள்ளு. நான் குடித்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, சும்மா விளையாடாதீங்க. நான் ஜெயிச்சது."

"நான் இல்லன்னு சொன்னேனா? நீ ஜெயிச்சதுனாலதானே கதிரை உன்கிட்ட இருக்கு" என்று கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அதோடு விட்டாரா? மே மாசம் கணக்கப்பிள்ளை வந்தார். அம்மா கதிரைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து நடு வீட்டில் வைத்திருந்தார். மனுசன் அதில் சாய்ந்து உட்கார்ந்து, கையைத் தடவிப் பார்த்து, "நல்ல தேக்கு. மாப்பிள்ளை ரேஸில ஜெயிச்சதாமே?" என்று கேட்டார். என் தலை கூரையைத் தொட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் அந்த எண்ணெய்த் தலை. கல்யாணச் சேலைத் துணி விசயமாக வந்தாராம்.

"நல்லா உக்காருங்க ஐயா, சங்கடப்படாதீங்க. நான் விட்டுக் குடுத்த கதிரைதான்" என்றார்.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் இருந்த சிரிப்பு மீசைக்குள் போய்விட்டது. நான் பொய்க்காரனா, இல்லை அடுத்தவன் தயவில் வாழ்கிறவனா என்று அவர் அளந்தது எனக்குத் தெரிந்தது. கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் சாகிற வரைக்கும் அந்த மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் உட்கார முந்தி, "கதிரை குடுத்தவரு சுகமா மாப்பிள்ளை?" என்று கேட்காமல் உட்கார்ந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரே ஒரு ரேஸ். அதையும் எனக்கென்று வைத்துக்கொள்ள அந்தப் பாவி விடவில்லை.

ஒரு தரம் பொறுக்க முடியாமல் கடைக்கே போய்ச் சவால் விட்டேன். "நீங்களும் நானும் மட்டும் அண்ணே. கடுகண்ணாவைப் பக்கத்துக் கிரவல் ரோடு, அஞ்சு மைல். வாறதுக்கு முதுகெலும்பு இருக்கா?" என்று கேட்டேன். வந்தார். ஓடினோம். நான் கோட்டில் வந்து நின்று, வியர்வை துடைத்து, சட்டையைப் பிழிந்து போட்ட பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். வாயில் நுரை, நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது, கால் ரெண்டும் நடுங்குகிறது. பேச்சு வர அஞ்சு நிமிசம் ஆயிற்று. வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா?

"ஆசைப்பட்டுக் கூப்பிட்ட தம்பி. அதான் விட்டுக் குடுத்தேன்."

தூ என்று மண்ணில் துப்பிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு துணி எடுக்கக்கூட வேறு கடைக்குத்தான் போனோம்.

இப்படியே முப்பது வருசம் ஓடிவிட்டது. அந்த மனுசன் வாதத்தில் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், நாள் குறித்தாயிற்று என்று காதில் விழுந்தது. என் மனைவிதான், "போய்ப் பாத்துட்டு வந்துருவோம் வாங்க. என்ன இருந்தாலும் நம்ம கதிரைக்காரரு" என்றாள். எனக்குப் பாவம் பார்க்கிற எண்ணமெல்லாம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். சாக முந்தி அந்த வாயால் ஒரு வார்த்தை வாங்க வேண்டும். அதற்குத்தான் போனேன்.

கட்டுக்கலையில் ஒரே அறை. வாசலில் நீர் பிடிக்க வைத்திருந்தது அந்த அலுமினியச் சட்டி. மனைவி அந்த அக்காவோடு பின்னால் அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். கட்டிலில் கொக்குக் கால் மட்டும்தான் மிச்சம், தலையில் எண்ணெய்கூட இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கலகெதர ரேஸ். அந்த வளைவுல நீங்க விட்டுக் குடுத்தீங்களா, இல்ல தோத்துப் போனீங்களா? இன்னைக்காவது உண்மையைச் சொல்லிருங்க. எனக்கு அது வேணும் அண்ணே."

கடைசி வார்த்தை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. இந்த ஆளுக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் துணிக்கு வந்தவர்கள் யார் முகத்தையும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீதான் தம்பி ஜெயிச்ச" என்றார். நாக்கு குழறினாலும் தெளிவாகத்தான் சொன்னார். "நான் தோத்துட்டேன். வழுக்கும்னு பயந்துட்டேன்."

முப்பது வருசப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மாமனார் உயிரோடு இல்லையே என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் போர்வைக்கு மேலே கிடந்த அவர் கையைப் பார்த்தேன். விழுந்துபோன கை இல்லை, நல்ல கை. புறங்கை என் பக்கமாகத் திரும்பியது. ரெண்டு விரல் விசிறியது. மெதுவாக, ஒரு தள்ளு.

கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

வாசலில் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"நான்தான் ஜெயிச்சேன்னு சொன்னாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெறகு ஏன் தோத்தவரு மாதிரி வர்றீங்க?" என்றாள்.